எத்தனை நொடியில் அணைகிறது?



எங்கள் ஜெயங்கொண்டம் பக்கம் பல வீடுகளில் பீரோவுக்கு மேலேயோ பரணிலோ ஒரு பழைய மடிக்கணினி கிடக்கும். அக்காவுக்கோ அண்ணனுக்கோ பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. என்ன ஆச்சு என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். “ஆன் பண்ணா ஆஃப் ஆயிடுதுப்பா.”

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் மூன்று தீர்ப்புகளில் ஒன்று நிச்சயம். “வைரஸ், ஃபார்மட் போடணும்.” “போர்டு போச்சு.” “இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம் தம்பி.” மூன்றில் எதையும் சொல்வதற்கு முன் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அதுதான் என் வருத்தம்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒத்துப்போகாத கணக்கை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் பிசகியது என்று தேடுவதுதானே எங்கள் படிப்பே :-)

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். தொடங்கும்போதே அணைந்துவிடுகிற கணினியை உடனே செத்துப்போன கணினி என்று முடிவுகட்ட வேண்டாம். ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரிந்துகொண்டு அது தன்னையே நிறுத்திக்கொள்கிறது. அப்படி நிறுத்திக்கொள்ளக் கணினிகள் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. அதற்குச் சுமார் ஐம்பது வருடம் ஆனது. அந்தக் கதை தெரிந்தால், நம் வீட்டு மடிக்கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அணைக்கவே பயந்த கணினி

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். எடை சுமார் 30 டன். உள்ளே ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள். பழைய வால்வு ரேடியோவில் மஞ்சளாக எரியுமே, அதே வகைக் குழாய்தான். மின்சாரம் மட்டும் 150 கிலோவாட் குடித்தது.

18,000 குழாயில் ஒன்று போனாலும் கணக்கு தப்பாகிவிடும். ஆரம்பத்தில் தினமும் சில குழாய்கள் போய்க்கொண்டே இருந்தன. அப்போதுதான் பொறியாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். குழாய்கள் அதிகமாகப் போவது ஓடிக்கொண்டிருக்கும்போது இல்லை. ஆன் செய்து சூடேறும் நேரத்திலும், ஆஃப் செய்து ஆறும் நேரத்திலும்தான். நம் வீட்டுக் குண்டு பல்பும் அப்படித்தானே, சுவிட்ச் போடும்போதுதான் ‘டப்’பென்று போகும்.

அதனால் அவர்கள் எடுத்த முடிவு என்ன தெரியுமா? முடிந்தவரை கணினியை அணைக்காமலே வைத்திருப்பது! கூடவே, குழாய்களை அவற்றின் முழுத் திறனுக்கும் குறைவாகவே இயக்கினார்கள். இதன் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு குழாய் என்ற அளவுக்குப் பழுது குறைந்தது.

ஆக, கணினிக்குக் கஷ்டமான நேரம் தொடங்கும் நேரம்தான் என்பது முதல் தலைமுறையிலேயே தெரிந்துபோன உண்மை. ஆனால் அந்தக் கஷ்டத்தைக் கணினி தானாக உணர்ந்துகொள்ள வழி இல்லை. மனிதர்கள்தான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, ஐ.சி. வந்தது. 1973 இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 370 வந்தபோதும் பெரிய கணினி என்றால் தனி அறை, குளிர்சாதனம், கவனிக்க ஆட்கள் என்றுதான் இருந்தது. நம் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் லேப் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னது நினைவிருக்கும். பலர் அதைக் கோயில் மாதிரி மரியாதை என்று நினைத்திருப்பார்கள். உண்மைக் காரணம் தூசி. தூசியையும் சூட்டையும் அறைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டால் கணினி பிழைத்துக்கொள்ளும் என்ற பழைய பாடத்தின் மிச்சம் அது.

முதலில் இருப்பாய்வு, அப்புறம்தான் வேலை

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. இது குளிர்சாதன அறைக்குள் இருக்கப்போவதில்லை. வீட்டிலும் கடையிலும் இருக்கப்போகிறது. பக்கத்தில் பொறியாளர் யாரும் இல்லை. அப்படியென்றால் கணினியே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அதில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. இரண்டும் இன்றைய மடிக்கணினிவரை தொடர்கின்றன.

முதலாவது, ‘பவர் குட்’ என்ற சமிக்ஞை. சுவிட்சைப் போட்டதும் பிராசஸர் வேலையைத் தொடங்கிவிடாது. மின்வழங்கி தன் வோல்ட் அளவுகள் எல்லாம் நிலைக்கு வந்துவிட்டனவா என்று பார்த்து, வந்த பிறகு ‘சரி’ என்று ஒரு சமிக்ஞை கொடுக்கும். அது வரும்வரை பிராசஸர் கட்டிப்போட்ட நிலையில் இருக்கும். சமிக்ஞை வராவிட்டால் கணினி தொடங்கவே தொடங்காது.

இரண்டாவது, போஸ்ட் என்று அழைக்கப்படும் தற்சோதனை. மின்சாரம் சரியானதும் பிராசஸர் முதலில் படிப்பது ஹார்ட் டிஸ்கை இல்லை. போர்டிலேயே பொருத்தப்பட்ட ஒரு சிப்பில் இருக்கும் பயாஸ் என்ற சிறிய நிரலைத்தான் படிக்கிறது. (பயாஸ் என்ற பெயர் ஐபிஎம் வைத்தது இல்லை. கேரி கில்டால் என்பவர் எழுபதுகளின் நடுவில் தன் சிபி/எம் இயங்குதளத்தில் வைத்த பெயர்.) அந்த நிரல் பிராசஸரைச் சோதிக்கும், நினைவகத்தைச் சோதிக்கும், கீபோர்டைச் சோதிக்கும். எல்லாம் சரியென்றால் ஒரு சின்ன ‘பீப்’. இல்லையென்றால் வேறு மாதிரி பீப், அல்லது திரையில் ஓர் எண். 201 என்று வந்தால் நினைவகத்தில் கோளாறு, 301 என்றால் கீபோர்டு.

காமர்ஸ் நண்பர்களுக்கு இது உடனே புரியும். இருப்பாய்வு போடாமல் இறுதிக் கணக்குக்குப் போக முடியுமா? பற்றும் வரவும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். நமக்காவது வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுத் தள்ளிவிடும் சௌகரியம் உண்டு. கணினிக்கு அதுவும் கிடையாது :-)

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ‘பவர் குட்’டும் போஸ்ட்டும் முடிந்த பிறகுதான் கணினி விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பக்கமே திரும்புகிறது. அதற்கு முன்பே கணினி அணைந்துவிட்டால் விண்டோஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாது. வைரஸுக்கும்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

சூட்டைக் கண்டு தானே நிற்கப் பழகியது

முதல் ஐபிஎம் கணினியில் இருந்த 8088 பிராசஸர் மேல் காற்றாடியும் கிடையாது, உலோகத் தகடும் கிடையாது. அவ்வளவு குறைந்த சூடு. 1993 இல் பென்டியம் வந்தபோது 15 வாட் அளவுக்குப் போனது, மேலே காற்றாடி தேவைப்பட்டது. 2004 வாக்கில் வந்த பென்டியம் 4 சிப்புகள் சில 100 வாட்டைத் தாண்டின. ஒரு குண்டு பல்பின் சூடு முழுக்க விரல் நகம் அளவுள்ள சில்லில்!

நடுவில் மூன்று மாற்றங்கள் நடந்தன.

1995 இல் வந்த பென்டியம் புரோ பிராசஸரில், சூடு ஆபத்தான அளவைத் தாண்டினால் சிப்பே தன் வேலையை நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அதே 1995 இல் ஏடிஎக்ஸ் என்ற புதிய போர்டு முறை வந்தது. அதுவரை கணினியின் சுவிட்ச் நம் வீட்டு லைட் சுவிட்ச் மாதிரிதான். கையால் போட்டால்தான் போகும். விண்டோஸ் 95 இல் வேலையை முடித்தால் “இனி நீங்கள் கணினியை அணைக்கலாம்” என்று ஆரஞ்சு எழுத்தில் வந்து நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? அணைப்பது நம் வேலை. ஏடிஎக்ஸ் வந்த பிறகு கணினி தன் மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்ள முடிந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. எந்தச் சூட்டில் காற்றாடி வேகம் கூட வேண்டும், எந்தச் சூட்டில் பிராசஸர் மெதுவாக வேண்டும், எந்தச் சூட்டில் மொத்தமாக அணைந்துவிட வேண்டும் என்றெல்லாம் வரையறுக்க அதில் இடம் இருந்தது.

ஆனால் எல்லாரும் உடனே பின்பற்றிவிடவில்லை. 2001 இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் பிராசஸர் மேலிருந்த குளிர்விக்கும் தகட்டை அப்படியே கழற்றினார்கள். பென்டியம் 4 மெதுவானது, ஆனால் ஓடியது. பென்டியம் 3 உறைந்து நின்றது. ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் சிப்புகள் சில நொடிகளில் புகைந்து கருகிப்போயின. அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அதற்குப் பிறகு, சூடு தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு இல்லாமல் போர்டு விற்பது கடினமாகிவிட்டது.

இன்று உங்கள் மடிக்கணினி லோகோ வந்ததும் ‘பட்’டென்று அணைந்தால் எரிச்சல்தான் வரும். ஆனால் அத்லான் கருகிய கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அணைந்ததால்தான் அந்தச் சிப் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மடியில் வைத்த சூடு

மேசைக் கணினியில் காற்றுப்போக இடம் இருக்கும். மடிக்கணினியில் இடம் ஏது? அதற்கு ஒரு பழைய உபாயம் கைகொடுத்தது. வெப்பக் குழாய். 1963 இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் உருவாக்கியது. தட்டையான செம்புக் குழாய்க்குள் துளியூண்டு திரவம், மடிக்கணினி என்றால் தண்ணீர். பிராசஸர் பக்கம் அது ஆவியாகும், மறுமுனைக்குப் போய்க் குளிர்ந்து திரவமாகித் திரும்பும். நம் இட்லிப் பானை மூடியில் ஆவி பட்டு நீர் சொட்டுகிற அதே விஷயம்தான். மறுமுனையில் மெல்லிய செம்புத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி அடுக்கியிருக்கும். அதன்மேல் காற்றாடி ஊதும்.

சிக்கல் அந்தச் சீப்புப் பல்லில்தான். இடைவெளி மிகக் குறுகலானது. காற்றாடி உறிஞ்சும் தூசி அங்கே போய்ப் படிந்து, நாளடைவில் கம்பளி மாதிரி ஓர் அடை ஆகிவிடும். காற்றாடி சுற்றும், சத்தம் வரும், ஆனால் காற்று வெளியே வராது. பிராசஸருக்கும் செம்புக்கும் நடுவில் தடவிய பசையும் பல வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரியை 1991 இல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடக்கமானது, சக்தி வாய்ந்தது, தவறிப்போனால் தீப்பிடிக்கக்கூடியது. 2006 ஆகஸ்டில், சோனி செல்கள் இருந்த 41 லட்சம் பேட்டரிகளை டெல் நிறுவனம் திரும்பப் பெற்றது. அதே மாதம் ஆப்பிள் 18 லட்சம். செல்லுக்குள் கலந்துபோன நுண்ணிய உலோகத் துகள்கள் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கக்கூடும் என்பதுதான் காரணம்.

இந்த ஆபத்துக்காகவே மடிக்கணினி பேட்டரிக்குள் ஒரு காவல் சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே போனால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய பேட்டரியில் இதுதான் நடக்கிறது. சும்மா இருக்கும்போது அளவு சரியாகக் காட்டும். கணினி தொடங்கும்போது டிஸ்க் சுழல ஆரம்பிக்கும், பிராசஸர் முழு வேகத்தில் ஓடும், திரை ஒளிரும், எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கும். கிழட்டு பேட்டரியால் கொடுக்க முடியாது. மின்னழுத்தம் சரியும், காவல் சர்க்யூட் கதவைச் சாத்தும். எனியாக் குழாய்கள் 1946 இல் பட்ட கஷ்டத்துக்கு இது தூரத்துச் சொந்தம்.

நம் ஊருக்கு வந்த கதை

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொள்முதல் பொறுப்பு எல்காட் நிறுவனத்துக்கு. முதல் ஆண்டுக்கு மட்டும் சுமார் 9 லட்சம் மடிக்கணினிகள் என்பது இலக்கு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும், கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் போன்றவற்றின் மாணவர்களுக்கும் கிடைத்தது. ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டதாகக் கணக்கு.

நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் முதல் கணினி. முந்திரிக் காட்டில் கூலிக்குப் போகும் வீட்டிலும், தறி ஓடும் வீட்டிலும் முதல்முறையாக ஒரு கணினி நுழைந்தது. ஆனால் அது வந்து சேர்ந்த நேரம் இருக்கிறதே! 2012 இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு. (நிலத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிற ஊர் எங்களுடையது. அதற்காகத் தொண்ணூறுகளில் நிலம் எடுக்கத் தொடங்கிய மின்திட்டம் நடைமுறைக்கு வரவேயில்லை என்பது தனிக்கதை.) கரண்ட் இருக்கும்போது சார்ஜ் போட்டு, இல்லாதபோது தீரும்வரை ஓட்டினால் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

கூடவே வெயில். சித்திரை வைகாசியில் 40 டிகிரி என்பது எங்களுக்குப் புதிதில்லை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெளியே அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளின் தூசி. தறி வீடுகளில் நூல் தும்பு. படுக்கையில் போர்வை மேல் வைத்துப் படம் பார்ப்பது வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அறையிலிருந்து கணினி இப்படி ஒரு வீட்டுக்கு இடம் மாறியது. நாலைந்து வருடத்தில் அது தொடங்கும்போதே அணைய ஆரம்பித்ததில் என்ன ஆச்சரியம்? அந்த இயந்திரத்தைக் கொடுத்தவர்கள், அதைத் தூசி தட்டி வைத்துக்கொள்ள யாருக்கும் கற்றுத்தரவில்லை.

சரி, இப்போது கடிகாரத்தை எடுங்கள்

பவர் பட்டனை அழுத்திய நொடியிலிருந்து எண்ணுங்கள். இதுவரை பார்த்த வரலாறு முழுவதும் வரிசையாக உங்கள் முன் ஓடும்.

ஒன்றிரண்டு நொடியில் விளக்கு எரிந்து அணைந்தால் அது ‘பவர் குட்’ கட்டம். மின்சாரத்தில்தான் பிரச்சினை. யுஎஸ்பியில் செருகியவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடிய வகையென்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் போட்டுப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி பேட்டரி. சார்ஜரின் முதுகில் எழுதியிருக்கும் வோல்ட்டும் வாட்டும் மடிக்கணினி கேட்கும் அளவோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். முள் பொருந்தினால் போதும் என்று யாருடைய சார்ஜரையோ போடுவது நம் ஊர் வழக்கம். வாட் குறைந்த சார்ஜர் தொடங்கும் நேரத்துப் பாரத்தைத் தாங்காது.

காற்றாடி சுற்றுகிறது, திரை கறுப்பு, பத்து நொடிக்குள் அணைகிறது அல்லது அணைந்து அணைந்து எரிகிறது என்றால் போஸ்ட் கட்டம். முதல் சந்தேகம் நினைவகம். பேட்டரியைக் கழற்றிய பிறகு, அடிப்பக்க மூடியைத் திறந்து ராம் அட்டையை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை சுத்தமான ரப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் பொருத்துங்கள். இரண்டு அட்டை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதிக்கலாம். பழைய பீப் ஒலிக்குப் பதில், சில மடிக்கணினிகளில் கேப்ஸ் லாக் விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னும். எத்தனை முறை என்று எண்ணி வைத்துக்கொண்டால் பழுது பார்ப்பவருக்கு உதவும்.

லோகோ வந்து, அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ ஓடி அணைந்தால் சூடாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு எளிய சோதனை உண்டு. அணைந்தவுடனே மறுபடி போடுங்கள். முன்பைவிடச் சீக்கிரம் அணைகிறதா? பிறகு ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். கூடுதல் நேரம் ஓடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் சூடுதான். காற்று வரும் ஓட்டையில் கையை வைத்துப் பாருங்கள். காற்று வராவிட்டால் தூசி அடை. சுத்தம் செய்து, பசையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஊதும்போது காற்றாடி இறக்கை சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் வட்டம் சுற்றும்போது அணையாமல், திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கிக்கொண்டே இருந்தால் அது வேறு ஜாதி. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து, கோளாறு வந்தால் நீலத் திரையைக் காட்டிவிட்டுத் தானாக மறுதொடக்கம் செய்யும்படி வைத்திருக்கிறார்கள். 2024 ஜூலை 19 அன்று நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் தொடங்க முடியாமல் தவித்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த 85 லட்சத்திலும் வன்பொருள் நன்றாகவே இருந்தது. அவற்றின் மின்சாரம் துண்டிக்கப்படவில்லை, திரும்பத் திரும்பத் தொடங்கித் தொடங்கி விழுந்தன. மின்சாரம் போய் அணைவதும், மறுபடி மறுபடி தொடங்குவதும் இரண்டு வேறு நோய்கள்.

எது என்று குழப்பமாக இருந்தால் ஒரு கடைசிச் சோதனை. தொடங்கும்போது எஃப்2 அல்லது டெலிட் அல்லது அந்த நிறுவனம் சொல்லும் விசையை அழுத்தி பயாஸ் திரைக்குள் போங்கள். எதையும் மாற்ற வேண்டாம். அப்படியே பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். அங்கேயே அணைந்துவிட்டால் விண்டோஸ் மேல் பழி போட முடியாது, ஏனென்றால் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. மின்சாரம், சூடு, போர்டு, இந்த மூன்றில் ஒன்று. அங்கே அசையாமல் நின்று, விண்டோஸுக்குப் போகும்போது மட்டும் விழுந்தால் டிஸ்க் அல்லது மென்பொருள் பக்கம் தேடலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம். சார்ஜும் போட வேண்டாம். 2006 கதை அதற்குத்தான் சொன்னேன்.

ஃபார்மட்டுக்கு முன்னால்

இதையெல்லாம் செய்தும் சில மடிக்கணினிகள் பிழைக்காது. போர்டில் ஷார்ட் ஆகியிருந்தால் அது கைதேர்ந்தவர் வேலை, செலவும் ஆகும். எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் “ஃபார்மட் போடணும்” என்ற தீர்ப்பை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பத்து நொடியில் அணைகிற கணினி டிஸ்க்கைத் தொடவே இல்லை. தொடாத டிஸ்க்கை அழித்து என்ன பயன்? அழிந்துபோவது எது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்கேன் செய்து வைத்த மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அக்கா கல்யாணப் படம், இறந்துபோன தாத்தாவின் ஒரே வீடியோ. பல வீடுகளில் இவற்றுக்கு வேறு நகல் கிடையாது. மடிக்கணினி அணைந்துபோனாலும் டிஸ்க் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதைக் கழற்றி, கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் செருகினால் எல்லாம் வந்துவிடும். முதலில் அதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

2025-26 தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். மறுபடியும் லட்சக்கணக்கில் இயந்திரங்கள் இதே வெயிலுக்கும் இதே தூசிக்கும் வரும். அவை பரணுக்கு ஏறுவதும் ஏறாததும் கொஞ்சம் நம் கையிலும் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு அலமாரியையும் வண்டியையும் துடைக்கிறோமே, அன்றைக்கு அந்தக் காற்றாடியையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் போதும். பொட்டு வைப்பது உங்கள் விருப்பம், ஓட்டையில் மட்டும் வைத்துவிடாதீர்கள் :-)

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கி, பட்டனை அழுத்தி எண்ணிப் பாருங்கள்.